வெயிலடிக்கிற ஊரில் வருகிற வெள்ளம்

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர் மழை. ஐப்பசியும் கார்த்திகையும் கைவிட்டால் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும். அதனால் மேகம் கூடினாலே நமக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பார்க்கப் போகிறோம். அந்தச் சந்தோஷத்தில் தவறில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டால் மகிழ மட்டுமே பழகியவர்களுக்கு அதற்குப் பயப்படத் தெரிவதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவற்றில் பல இந்தப் பழக்கத்திலிருந்து முளைத்தவைதான்.

“நம்ம ஊர் வானம் பார்த்த பூமி. இங்க எங்க வெள்ளம் வரப்போகுது?”

2023 டிசம்பர் 17 காலை வரை கோவில்பட்டிக்காரர்களும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். கோவில்பட்டி நம் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய ஊர். சாத்தூரைப் போலவே கரிசல் பூமி. மறுநாள் காலைக்குள் அங்கே ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியிருந்தது. அதே ஒரு நாளில் காயல்பட்டினத்தில் பதிவானது 946 மில்லிமீட்டர். நமக்கு ஒரு வருஷத்துக்குக் கிடைப்பதைவிட அதிகமான மழை அங்கே ஒரே நாளில் இறங்கிவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அரித்துப் போயிருந்தன. சுமார் 800 பயணிகளில் ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப்பட, மீதிப்பேர் 19ஆம் தேதி வரை அங்கேயே சிக்கிக் கிடந்தார்கள். அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் அந்த ஊர் மக்கள்.

அந்த மழைக்குப் பெயர் சூட்டிய புயல் எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பு சென்னையை முடக்கியது மிக்ஜாம் புயல். தென்மாவட்டங்களை மூழ்கடித்ததோ குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. ‘புயல் வந்தால்தானே பெருமழை’ என்று செய்தியில் புயலின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு எச்சரிக்கை உறைக்கவே இல்லை. ஒரே இடத்தில் நகராமல் நிற்கும் சாதாரணச் சுழற்சி, வேகமாகக் கரையைக் கடக்கும் புயலைவிட அதிக மழையைக் கொட்டிவிடும். கரிசலில் அரை மீட்டர் பெய்ய முடியுமென்றால் மலையடிவாரத்தில் அதே அளவு பெய்யாது என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

“இங்க வெயில் அடிக்குது. ஆத்துல இறங்கினா என்ன?”

உயிரை எடுக்கும் நம்பிக்கைகளில் முக்கியமானது இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆறு, சேத்தூர் பக்கம் சாஸ்தா கோவில் ஓடை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, ராக்காச்சி அம்மன் கோவில், வத்திராயிருப்பைத் தாண்டினால் தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி. நாம் குளிக்கவும் கும்பிடவும் போகிற இந்த இடங்கள் எல்லாம் ஒரே மலைத்தொடரின் காலடியில் இருக்கின்றன. பின்னால் நிற்பவை 1,500 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். கிழக்குச் சரிவு செங்குத்தானது. பல இடங்களில் பாறையின் மேல் மண் மெல்லிய போர்வையாகத்தான் இருக்கிறது. அது நனைந்து முடிந்த பிறகு விழுகிற ஒவ்வொரு சொட்டும் அப்படியே வழிந்து ஓடைக்கு வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 கோடி லிட்டர். பல சதுர கிலோமீட்டர் சரிவின் தண்ணீர் முழுவதும் சில மீட்டர் அகலமுள்ள பாறை இடுக்கு வழியாகத்தான் கீழே இறங்கியாக வேண்டும். முழங்கால் ஆழ ஓடை சில நிமிஷங்களில் ஆளுயரத்துக்கு ஏறுவது இப்படித்தான். அப்போது ராஜபாளையம் காந்தி சிலைப் பக்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தடியிலோ ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. ஊரில் உள்ள மழைமானி காட்டுவது ஊரில் பெய்த மழையை மட்டும்தான்.

மழைக்காலத்தில் கவனமாக இருந்தால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். 2015இல் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போய் உயிர்களைப் பறித்தது மே மாதத்தில், வைகாசி அமாவாசைக்குக் கூட்டம் கூடியிருந்த சமயத்தில். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய அருவி வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. இரண்டுமே கோடையில் நடந்தவை. கோடை மழை பரவலாகப் பெய்யாமல் மலையின் ஏதாவது ஒரு மூலையில், பிற்பகலில், ஒரு மணி நேரம் வெறித்தனமாகப் பெய்துவிட்டுப் போகும். கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் வெள்ளம் வருவதற்கு அது மிகவும் தோதான காலம்.

ஓடை நமக்குச் சில அடையாளங்களைக் காட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கி நிறம் மாறும். சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வரும். மேலே எங்கோ லாரி உருளுவது போன்ற இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டையும் செருப்பையும் எடுக்கத் திரும்பக் கூடாது. ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடவும் கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் வனத்துறை பாதையை மூடினால், ‘கும்பிடப் போறவனைத் தடுக்குறாங்களே’ என்று சண்டை போடாதீர்கள். மலையில் பெய்வதை நம்மைவிட முன்னால் அறிகிறவர்கள் அவர்கள்.

“முழங்கால் தண்ணிதானே, கையைக் கோத்துக்கிட்டுத் தாண்டிரலாம்.”

ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம் காலில் கொடுக்கும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். வேகமாகப் பாயும் அரை அடித் தண்ணீரே பெரிய ஆளைச் சாய்த்துவிடும். சாய்ந்தவர் எழுந்திருக்க விடாமல் அடியில் வழுக்குப்பாறை இருக்கும். கையைக் கோத்து நிற்கும்போது ஒருவர் கால் வழுக்கினால் பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து போகிறார்கள். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் சிக்குவதும், தீயணைப்புத் துறையினர் வந்து கயிறு கட்டி ஒவ்வொருவராக இக்கரை சேர்ப்பதும் நம் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. காட்டாற்று வெள்ளம் ஏறிய வேகத்தில் வடியவும் செய்யும். மழை நின்ற சில மணி நேரத்தில் பெரும்பாலும் பாதை கிடைத்துவிடும். அதுவரை பசியோடும் கொசுக்கடியோடும் மேட்டில் காத்திருப்பதே சரி. பிள்ளைகள் அழுதாலும், வேலைக்கு நேரமானாலும், இறங்கக் கூடாது.

“பஸ்ஸே போகுது, நம்ம வண்டி போகாதா?”

பேருந்தின் எடையும் உயரமும் வேறு. ஓடும் தண்ணீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே சிறிய கார் நகரத் தொடங்கும், இரண்டு அடியில் பெரும்பாலான கார்கள் மிதந்துவிடும். தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது கீழே பாலம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பது பேருந்து ஓட்டுநருக்கே தெரியாது. ரயில்வே சுரங்கப்பாதைகளில் ஓட்டம் இருக்காது, ஆழம் இருக்கும். பாதி வழியில் இன்ஜின் நின்றால் வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீர் கதவைத் திறக்க விடாது. கண்ணாடியை முதலிலேயே இறக்கிவிட்டு வெளியேறப் பார்க்க வேண்டும்.

“மறுகால்ல மண்மூட்டை போட்டா இன்னும் ரெண்டு அடி தண்ணி நிக்கும்.”

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் உள்ள ஏக்கம் எனக்குப் புரிகிறது. கோடையில் ஒரு நடை கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்தால் நெல்லோ கரும்போ பிழைத்துக்கொள்ளும். ஆனால் கரை எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான், உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலின் உயரத்தை வைத்திருக்கிறார்கள். மறுகாலை அடைத்தால் நீர்மட்டம் கரையின் தலைக்கு நெருங்கும். கரையில் எலிவளையோ, கருவேல மர வேரோ, மாட்டுத்தடமோ உள்ள இடத்தில் முதலில் கசியும், பிறகு அரிக்கும், பிறகு உடையும். நம் கண்மாய்கள் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக, சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த கண்மாயின் கரையில் போய் மோதும். கூடுதல் தண்ணீர் வேண்டுமென்றால் கோடையில் தூர்வாரி ஆழப்படுத்த வேண்டும், வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டும். மழை நாளில் மூட்டை அடுக்கக் கூடாது. அடுக்கியிருப்பதைக் கண்டால் நீர்வளத் துறைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

“ரெட் அலர்ட்னு சொன்னான், ஒரு சொட்டு விழல.”

வானிலை மையம் நிற எச்சரிக்கையைப் பொதுவாக மாவட்டம் முழுமைக்கும் கொடுக்கிறது. ஒரு நாளுக்கான மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுகிறார்கள். காரியாபட்டியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது வத்திராயிருப்பு மலையில் கொட்டினாலும் முன்னறிவிப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்வதை அதிகனமழை என்கிறார்கள், ரெட் அலர்ட் பொதுவாக அதற்குத்தான். பத்து முறை எச்சரித்து ஆறு முறை பெய்தாலும் அந்த ஆறு முறையும் நாம் ஓடைக்குப் போகாமல் இருந்திருக்க வேண்டும்.

“செல்போன்தான் இடியை இழுக்குது. இடி விழுந்தவனைத் தொட்டா நமக்கும் ஷாக் அடிக்கும்.”

செல்போன் மின்னலை இழுப்பதில்லை. வெட்டவெளியில் தனித்து நிற்கும் உயரமான எதிலும் மின்னல் இறங்கலாம். நம் காட்டு வேலைக்காரர்கள் மழைக்கு ஒதுங்குகிற ஒற்றைப் பனையும் புளியமரமும் அப்படிப்பட்டவைதான். இடிச் சத்தம் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்காது. பயந்து நாம் விலகி நிற்கும் அந்தச் சில நிமிஷங்களில்தான் அவர் உயிர் போகிறது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள், 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி நேர் எதிர். அதைத் தொட்டுக் கிடப்பவரை மின்சாரம் நிறுத்தப்படும் வரை தொடக் கூடாது, பக்கத்தில் தேங்கிய தண்ணீரிலும் கால் வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

“கரண்ட் இல்லன்னா ஜெனரேட்டரை உள்ள வெச்சுக்கலாம், நனையாம இருக்கும்.”

2013 டிசம்பரில் கனடாவின் டொரன்டோவில் பனிக்கட்டியாக உறைந்த மழை மின்கம்பிகளை முறித்துப்போட்டு, சுமார் 3 லட்சம் இணைப்புகளை இருட்டாக்கியது. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அப்போது குளிருக்காகக் கரி அடுப்பையும், மின்சாரத்துக்காக ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் வைத்தவர்கள் கார்பன் மோனாக்சைடு வாயுவால் மருத்துவமனைக்குப் போனார்கள், அந்த மாகாணத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது. குளிர்நாட்டுப் பிரச்சினை என்று இதை ஒதுக்க வேண்டாம். 2024இல் கொடைக்கானலில் கரி அடுப்பு இருந்த அறையில் தூங்கிய இளைஞர்கள் இருவர் விழிக்கவே இல்லை. அந்த வாயுவுக்கு மணமும் நிறமும் கிடையாது. ஷட்டரை இறக்கிய கடைக்குள்ளோ, ஜன்னல் சாத்திய வராந்தாவிலோ ஜெனரேட்டரை ஓட்டாதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் கதகதப்புக்காக அடுப்புக்கரிச் சட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

“தண்ணி வடிஞ்சிருச்சு, இனி ஒண்ணுமில்ல.”

வெள்ளம் புகுந்த கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் இறைத்து, குளோரின் போட்ட பிறகுதான் குடிக்கப் பயன்படுத்த வேண்டும். அதுவரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். விறகுக் குவியலிலும் மாட்டுத் தொழுவத்திலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறி ரத்தம் எடுப்பதும் கடிபட்ட காலையே இழக்க வைத்துவிடலாம். அசையாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி, விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்தும், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தெரியும். அப்போது மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்தேன் என்பதை அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.