வடக்கனந்தல் டு இன்டர்வியூ: கைகொடுக்கும் அறிவியல் புத்தகங்கள்

கேம்பஸ் இன்டர்வியூ ஆகட்டும், டிஎன்பிஎஸ்சி குரூப் 1 நேர்முகத் தேர்வு ஆகட்டும், முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "உங்களைப் பத்திச் சொல்லுங்க." நீங்கள் "வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம்" என்று ஆரம்பிப்பீர்கள். எதிரே இருப்பவருக்கு வடக்கனந்தல் தெரியாது. கள்ளக்குறிச்சி தெரியும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்த செய்தியால் தெரியும். "ஓ, அந்தக் கள்ளக்குறிச்சியா?" என்பார்.

அங்கே நெளிந்து சிரிப்பவர் வாய்ப்பைக் கோட்டை விடுகிறார். "ஆமாம் சார். மெத்தனாலை உடம்பு முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், அப்புறம் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவது அந்த அமிலம்தான்" என்று நிதானமாகச் சொல்பவர் எதிரே இருப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறார்.

டிகிரி எல்லோரிடமும் இருக்கிறது. கோர்ஸ் சர்டிஃபிகேட்டும் எல்லோரிடமும் இருக்கிறது. கண்முன் இருக்கும் ஒரு விஷயத்தை இரண்டு நிமிடத்தில் தெளிவாக விளக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அறிவியல் புத்தகங்கள் தரும் லாபம் அதுதான். நூறு புத்தகம் தேவையில்லை. சரியாகத் தேர்ந்தெடுத்த நான்கைந்து போதும். எதை, எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

1. ஊரில் இருந்து தொடங்குங்கள்

முதல் புத்தகம் டெபோரா பிளம் எழுதிய 'த பாய்சனர்ஸ் ஹேண்ட்புக்' (2010). ஆங்கிலம்தான், ஆனால் துப்பறியும் கதை போல ஓடும். நூறு வருடத்துக்கு முந்தைய நியூயார்க். மதுவிலக்குக் காலம். சார்லஸ் நாரிஸ் என்ற தலைமை மருத்துவ ஆய்வாளரும் அலெக்ஸாண்டர் கெட்லர் என்ற நச்சியல் நிபுணரும் பிணங்களைப் பரிசோதித்து விஷங்களைக் கண்டுபிடிக்கிறார்கள். அத்தியாயத்துக்கு ஒரு விஷம். மெத்தனாலுக்கும் இடம் உண்டு, சயனைடுக்கும் உண்டு.

இதை நம்ம ஊரோடு ஒட்டிப் பாருங்கள். கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸை ஈஸ்ட் நொதிக்க வைத்தால் கிடைப்பது எத்தனால். அதில் இரண்டு கார்பன். மெத்தனாலில் ஒரே ஒரு கார்பன். இரண்டுக்கும் நிறமில்லை, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. உடம்பில் இரண்டையும் உடைப்பது ஒரே நொதி. அந்த நொதியைத் தடுத்தால் மெத்தனால் விஷமாக மாறுவது தள்ளிப்போகும். மருத்துவமனையில் ஃபோமெபிசோல் என்ற மருந்து செய்வது இந்த வேலையைத்தான்.

சயனைடு அத்தியாயத்தைப் படித்துவிட்டு மரவள்ளிக் காட்டைப் பாருங்கள். மரவள்ளி இலையை நிறையத் தின்ற ஆடு ஏன் சாகிறது, கிழங்கைத் தோல் சீவி நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்வது ஏன் என்பதெல்லாம் அப்போது புரியும். கிழங்கில் இருக்கும் லினமாரின் சிதையும்போது வெளியாவது சயனைடு.

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ஃபார்மசி, நர்சிங் படித்தவர்கள் இந்த ஒரு புத்தகத்தை விடவே கூடாது. இன்டர்வியூவில் கள்ளக்குறிச்சிச் சாவுகளைப் பற்றிப் பேசும்போது பரிதாபம் தேடும் தொனி மட்டும் வேண்டாம். இறந்தவர்களை மட்டம் தட்டும் தொனியும் கூடாது. காரணத்தைச் சொல்லி, நிறுத்துங்கள்.

2. எல்லோரும் சொல்லும் புத்தகமா? உள்ளே இறங்குங்கள்

"பிடித்த புத்தகம்?" என்றால் பாதிப் பேர் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' என்பார்கள். இன்டர்வியூ செய்பவர் அன்று காலையிலேயே அதைப் பத்துத் தடவை கேட்டிருப்பார். "கனவு காணச் சொன்னார் சார்" என்று நீங்கள் பதினோராவது ஆளாகச் சேராதீர்கள்.

புத்தகம் நல்ல புத்தகம். சொல்லும் விதத்தை மாற்றுங்கள். எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவல் 1979 ஆகஸ்ட் 10-இல் தோற்றது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் நைட்ரிக் அமிலம் கசிந்துவிட்டது. பத்திரிகையாளர்களை எதிர்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் ஏவல் வென்றபோது அவர் கலாமைப் பத்திரிகையாளர்கள் முன்னே அனுப்பினார். வால்வு, அமிலம், தலைவர் நடந்துகொண்ட விதம் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் நிஜமாகவே படித்தவர் என்பது தெரிந்துவிடும். அதோடு டீம் ஒர்க் பற்றிய அடுத்த கேள்விக்கும் பதில் தயார்.

3. தமிழில் ஆரம்பிப்பது குறை இல்லை

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே தடிமனான ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி, பத்தாவது பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். வேண்டாம். ஏணி வைத்து ஏறுங்கள்.

முதல் படி, சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?'. கேள்வி பதில் வடிவம், பஸ்ஸில் கூடப் படிக்கலாம். எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர். சிக்கலான பதிலை நாலு வரியில் முடிப்பது எப்படி என்று கவனியுங்கள். அது இன்டர்வியூவுக்கான டிரெயினிங்.

இரண்டாவது படி, மயில்சாமி அண்ணாதுரையின் 'கையருகே நிலா'. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவர். 2008 அக்டோபர் 22-இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர். பெரிய புராஜெக்ட் ஒன்று உள்ளுக்குள் எப்படி நகர்கிறது என்பதற்காகப் படியுங்கள்.

மூன்றாவது, யாக்கோவ் பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்'. ரஷ்ய மூலம் 1913-இல் வந்தது. சோவியத் காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்பு பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் கிடைக்கலாம். பறக்கும் துப்பாக்கிக் குண்டைக் கையால் பிடித்த விமானியின் கதை இதில் வருகிறது. விமானமும் குண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால் அது சாத்தியம்தான். சார்பு வேகத்தை இதைவிட வேகமாகப் புரிய வைக்க முடியாது.

இந்த மூன்றையும் முடித்தபின் ஆங்கிலத்துக்கு வாருங்கள். தினம் இரண்டே பக்கம். தெரியாத சொல் எல்லாவற்றுக்கும் டிக்‌ஷனரி பார்க்காதீர்கள், மூன்று முறை குறுக்கே வந்த சொல்லுக்கு மட்டும் பாருங்கள்.

4. எண்ணைக் காட்டி ஏமாற்றினால் கண்டுபிடியுங்கள்

டேரல் ஹஃப்பின் 'ஹவ் டு லை வித் ஸ்டாடிஸ்டிக்ஸ்' 1954-இல் வந்த சின்னப் புத்தகம். வேலை தேடுபவருக்கு இதைவிட உடனடியாகப் பணம் மிச்சம் பிடித்துத் தரும் புத்தகம் கிடையாது.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு காலேஜில் பத்துப் பேருக்கு வேலை கிடைக்கிறது. ஒருவருக்கு வருடம் 30 லட்சம். மீதி ஒன்பது பேருக்கும் தலா 2.4 லட்சம். மொத்தம் 51.6 லட்சம். சராசரி 5.16 லட்சம். பேனரில் "ஆவரேஜ் பேக்கேஜ் 5 லட்சத்துக்கு மேல்" என்று போடுவார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவது 2.4 லட்சம். அந்த நடு எண்ணுக்குப் பெயர் மீடியன்.

ஆகவே தம்பி, தங்கையை அட்மிஷனுக்குக் கூட்டிப் போகும்போது கேளுங்கள்: "மீடியன் என்ன? எத்தனை பேர் எலிஜிபிள், எத்தனை பேருக்குக் கையில் ஆஃபர் லெட்டர்?" கவுன்டரில் இருப்பவர் தடுமாறினால் பதில் கிடைத்துவிட்டது. ஆபீஸில் ரிப்போர்ட் வாசிக்கும்போதும் இதே கேள்விகள் உங்களைத் தனியாகக் காட்டும்.

5. உங்கள் லைனுக்கு ஒரு புத்தகம்

எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை. உங்கள் துறைக்கு ஒன்றை எடுங்கள்.

ஐடி போகிறீர்களா? சார்லஸ் பெட்ஸோல்டின் 'கோட்' (1999). டார்ச் லைட் அடித்துச் சைகை காட்டும் இரண்டு நண்பர்களில் ஆரம்பித்து, மோர்ஸ், பிரெய்ல், ரிலே, லாஜிக் கேட் வழியாக ஒரு முழுக் கம்ப்யூட்டரைக் கட்டி முடிக்கிறது. புரோகிராமிங் லாங்குவேஜ் வரும், போகும். இது போகாது.

யூஐ, யூஎக்ஸ் வேலையா? டான் நார்மனின் 'த டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்'. தள்ள வேண்டிய கதவை நாம் ஏன் இழுக்கிறோம், எந்த நாப் எந்த பர்னருக்கு என்று அடுப்பின் முன் ஏன் குழம்புகிறோம் என்று ஆராயும் புத்தகம். தப்பு உங்களுடையதல்ல, டிசைனுடையது என்பது அவர் கட்சி.

ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஷாப் ஃப்ளோர் வேலையா, இல்லை நர்சிங்கா? அதுல் கவாண்டேயின் 'த செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ' (2009). 1935-இல் போயிங்கின் புதிய விமானம் ஒன்று சோதனை ஓட்டத்திலேயே விழுந்தது. பைலட் ஒரு லாக்கை விடுவிக்க மறந்திருந்தார். அதிலிருந்து பிறந்தது பைலட் செக்லிஸ்ட். அதே யோசனையை எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டரில் வைத்துப் பார்த்தார்கள். டெல்லியிலும் ஒன்று. அறுவைக்குப் பிந்தைய இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியா? கிறிஸ் மில்லரின் 'சிப் வார்' (2022). டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் தலைமைப் பதவி கிடைக்காமல் வெளியேறிய மாரிஸ் சாங், 1987-இல் தைவானில் டிஎஸ்எம்சி-யைத் தொடங்கினார். புரமோஷன் கிடைக்காதவர்கள் புலம்புவதற்கு முன் இந்தப் பகுதியைப் படிக்கவும்.

விவசாயம், உரம், கோஆப்பரேட்டிவ் சொசைட்டி பக்கம் போகிறவர்களுக்கு வாக்லவ் ஸ்மிலின் 'ஹவ் த வேர்ல்ட் ரியலி ஒர்க்ஸ்' (2022). சிமென்ட், எஃகு, பிளாஸ்டிக், அம்மோனியா என்ற நான்கின் மேல்தான் இன்றைய உலகம் நிற்கிறது என்கிறார். அம்மோனியா இல்லாமல் யூரியா மூட்டை இல்லை. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் வயலில் நின்று யோசித்தால் சட்டென்று பிடிபடும்.

6. போட்டி எப்படி நடக்கிறது என்று படியுங்கள்

விஞ்ஞானிகள் எல்லாம் சாதுக்கள் என்று நினைத்தால் வெங்கி ராமகிருஷ்ணனின் 'ஜீன் மெஷின்' (2018) கண்ணைத் திறக்கும். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். இயற்பியலில் பிஎச்.டி. முடித்த கையோடு, அது தனக்குச் சரிவராது என்று முடிவு செய்து உயிரியலில் மாணவராக மறுபடி சேர்ந்தார். பிறகு சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று அமெரிக்காவை விட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்குப் போனார். ரைபோசோமின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும் ஓட்டத்தில் யார் முந்துவார்கள் என்ற பதற்றம், கான்ஃபரன்ஸில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற கணக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 2009 வேதியியல் நோபலை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகிய போட்டியாளர்களோடுதான் பகிர்ந்துகொண்டார்.

இதில் எடுத்துக்கொள்ள இரண்டு உண்டு. லைன் மாறுவது கேவலம் இல்லை, தாமதமாக மாறுவதுதான் நஷ்டம். இரண்டாவது, போட்டியாளரின் வேலையை அவரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருங்கள்.

7. பணம் தடையாக வேண்டாம்

பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். நீங்கள் தேடும் புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் பேசுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் அறிவியல் நூல்களை இலவசமாகத் தேடலாம். பெ.நா. அப்புசாமி போன்ற முன்னோடிகளை அங்கே தேடுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா வரும்போது லிஸ்டோடு போங்கள், இல்லையென்றால் ஜோதிடமும் சமையலும்தான் பையில் வரும். ஒரு தலைப்பு தலைகீழாக நின்றும் புரியவில்லையா? பத்தாம் வகுப்பு அறிவியல் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். வெட்கம் வேண்டாம்.

8. படித்ததைக் காசாக்குங்கள்

ஒரு அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, போனில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பாருங்கள். "வந்து... அதாவது..." வரும் இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். அங்கே திரும்பிப் போய்ப் படியுங்கள்.

ரெஸ்யூமேயில் 'ஹாபி: ரீடிங் புக்ஸ்' என்ற வரியை அழித்துவிட்டு, சமீபத்தில் படித்த இரண்டு புத்தகங்களின் பெயரைப் போடுங்கள். படிக்காததைப் போடவே போடாதீர்கள். போர்டில் ஒருவராவது அதைப் படித்திருப்பார், மாட்டிக்கொள்வீர்கள்.

குரூப் 1 முதல்நிலைத் தேர்வின் பொது அறிவியல் பகுதி, மனப்பாடத்துக்கும் புரிந்து படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டையே ஒரு தலைப்பாக வைத்திருக்கிறது. கைடு மட்டும் படித்தவருக்கு அந்தத் தலைப்பே விளங்காது.

9. கடைசிக் கேள்வியில் முந்துங்கள்

இன்டர்வியூ முடியும்போது "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பெரும்பாலானோர் "நோ சார்" என்று எழுந்துவிடுவார்கள். நீங்கள் கேளுங்கள்: "ஷிஃப்ட் மாறும்போது இங்கே செக்லிஸ்ட் வைத்துக் கைமாற்றுகிறீர்களா சார்? அதில் அடிக்கடி விட்டுப்போகும் ஐட்டம் எது?" கவாண்டேயைப் படித்தவர் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்ல ஆரம்பித்த மேனேஜர் உங்களை ஏற்கெனவே டீமில் வைத்துப் பேசத் தொடங்கியிருப்பார். எனவே முதலில் உங்கள் லைனுக்கான புத்தகத்தை எடுங்கள். அதிலிருந்து இதுபோல ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்த பிறகு அப்ளிகேஷன் போடுங்கள்.