ஒட்டு வில்லைக்கும் ஒரு பரீட்சை

வட்டக்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் காரில் செல்கிறவர்கள் நாங்குநேரிச் சுங்கச் சாவடியைக் கடந்தாக வேண்டும். வண்டி அங்கே மெல்ல ஊர்கிறது. தடுப்புக் கம்பு உயர்கிறது. கட்டணம் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. முன்கண்ணாடியில் ஒட்டிய ‘ஃபாஸ்டேக்’ வில்லை செய்யும் வேலை இது. ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் வானொலி அலை அடையாள முறையே இதற்கு அடிப்படை. இக்கருவிகளை எவ்வாறு சோதித்துச் சான்று வழங்குகிறார்கள் என்பதைச் சற்றுக் காண்போம்.

வில்லையில் மின்கலம் இல்லை. மெல்லிய உலோக ஆண்டெனாவும் கடுகிலும் சிறிய ஒரு ‘சிப்’பும் மட்டுமே உண்டு. சாவடியில் மேலே பொருத்திய ‘ரீடர்’ கருவி வானொலி அலைகளை அனுப்புகிறது. நம் நாட்டில் இதற்கென 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005-ஆம் ஆண்டில் திறந்துவிடப்பட்டது. அந்த அலையின் ஆற்றலைக் கொண்டே சிப் விழித்தெழுந்து, மலையில் மோதிய குரல் எதிரொலிப்பதுபோலத் தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது.

வில்லை செய்யும் தொழிற்சாலைகள் பல. ரீடர் செய்வோர் வேறு பலர். கன்னியாகுமரியில் ஒட்டிய வில்லையைக் காஷ்மீரத்துச் சாவடியும் படிக்க வேண்டுமே! ஆகவே எல்லாருக்கும் பொதுவான ஓர் இலக்கணம் தேவை. 2004 டிசம்பரில் வகுக்கப்பட்ட விதிமுறை, 2006-இல் ஐ.எஸ்.ஓ. 18000-6சி என்னும் உலகத் தரமாயிற்று. திரு. நந்தன் நிலேகனி தலைமையிலான குழு 2010-இல் அதையே நம் நெடுஞ்சாலைகளுக்குப் பரிந்துரைத்தது.

இத்தரத்திற்கான சோதனைகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, இணக்கச் சோதனை. அலைகளை உறிஞ்சும் கூம்புகள் பதித்த அறையில், அளவு சரிபார்க்கப்பட்ட கருவி வில்லையைக் கேள்வி கேட்கும். எவ்வளவு குறைந்த ஆற்றலில் வில்லை விழிக்கிறது, உரிய நேரத்தில் விடை தருகிறதா என்று பார்ப்பார்கள். ரீடரும் தன் அலைவரிசையை மீறாமலும், பரப்பும் ஆற்றல் 4 வாட்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, செயல்திறன் சோதனை. உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் உறிஞ்சிவிடும், கண்ணாடியோ ஆண்டெனாவின் சுருதியையே மாற்றிவிடும். எனவே வெறும் மேசையில் தேறினால் போதாது. கண்ணாடியில் ஒட்டியபின்னும் தேற வேண்டும்.

மூன்றாவது, ஒத்தியங்கும் சோதனை. ஒருவர் செய்த வில்லையை மற்றொருவர் செய்த ரீடரின் முன் வைத்துப் பார்ப்பது இது.

இவற்றைச் செய்தவரே சோதித்து, “நன்று” என்று சொல்லிக்கொண்டால் போதுமா? கடைக்காரர் தம் எடைக்கல்லுக்குத் தாமே முத்திரை குத்த இயலாது அல்லவா? அதுபோல இங்கும் நடுநிலையான சோதனைக்கூடத்தின் சான்று வேண்டும். ஆனால் சான்று என்பது மாதிரிகளைச் சோதித்துத் தரப்படுவது. பின்னர் ஆயிரமாயிரமாக உருவாகும் வில்லைகள் அந்த மாதிரியைப் போலவே இருக்கின்றனவா என்று அவ்வப்போது எடுத்துச் சோதித்தால்தான் அதற்கு மதிப்பு.

இதில் எளியவரின் பணம் அடங்கியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. செல்லத்தக்க வில்லை இல்லாத வண்டிக்கு இரு மடங்கு கட்டணம் விதிக்கப்பட்டது. 2025 நவம்பர் 15 முதல், யூ.பி.ஐ. வழியே செலுத்துவோருக்கு மட்டும் அது ஒன்றேகால் மடங்காகக் குறைக்கப்பட்டது. அதே வேளையில், 2018-இல் திருத்திய விதி மற்றொன்றையும் கூறுகிறது: வில்லை நல்ல நிலையில் இருந்து, கணக்கில் போதிய பணமும் இருந்து, சாவடியின் கருவி பழுதானால், கட்டணமின்றி வண்டியை விட வேண்டும்; பூஜ்யத் தொகைக்கான ரசீதும் தர வேண்டும்.

மீன் ஏற்றிய வேன் ஒன்று சாவடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்கிறது. குற்றம் வில்லையிலா, ரீடரிலா? ஒன்றேல் கூடுதல் கட்டணம். மற்றொன்றேல் கட்டணமே இல்லை! இரண்டும் ஒரே அளவுகோலால் முன்பே சோதிக்கப்பட்டிருந்தால்தான் இவ்வழக்கில் நியாயமான தீர்ப்புக் கிட்டும்.

மாணவச் செல்வங்களே! கருவி சொல்வதெல்லாம் சரியென்று நம்பிவிடலாகாது. அதைச் சோதித்தவர் யார், எவ்வாறு சோதித்தார் என்று கேட்கப் பழகுவோம். அறிவியல் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.