சின்ன டேங்குக்கு எந்த விதிநூல்?

வாடிக்கையாளர் அனுப்பும் விசாரணைத் தாளில் 'டிசைன் கோட்' என்று ஒரு கட்டம் இருக்கும். காஸ்டிக் லை வைக்க 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் உயரத்தில் டேங்க் வேண்டும், வென்ட் திறந்தே இருக்கும், சூடும் இல்லை. ஆனால் கட்டத்தில் 'ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8' என்று எழுதியிருக்கும். ஏன் என்று கேட்டால், "எதுக்கும் பெரிய கோடாவே இருக்கட்டும் சார்" என்பார்கள். துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் எனக்கு இந்தப் பதில் மனப்பாடம். இதை மாற்ற வைப்பதுதான் என் வேலையில் முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன்.

செக்‌ஷன் 8 பிரஷர் வெசலுக்கானது. உள் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது சுமார் ஒரு பாருக்கு மேல் போனால்தான் அதன் எல்லை தொடங்குகிறது. தட்டையான அடியோடு தரையில் உட்காரும் டேங்குக்கு ஏ.பி.ஐ. 650 இருக்கிறது. பட்டறையிலேயே முழுசாகச் செய்து லாரியில் ஏற்றுகிற, 6 மீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட டேங்குகளுக்கென்றே அதில் 'ஜே' என்று ஒரு பின்னிணைப்பு உண்டு. நம் நாட்டு ஐ.எஸ். 803 நின்ற வாக்கிலான எண்ணெய் டேங்குகளுக்கானது.

மேலே சொன்ன லை டேங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அப்படியும் சுவருக்குத் தேவையான கனத்தைக் கணக்கிட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அரிமானத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டினாலும் ஏ.பி.ஐ. 650 சொல்லும் குறைந்தபட்ச 5 மில்லிமீட்டரே போதும். சின்ன டேங்கில் சுவரின் கனத்தைக் கணக்கு முடிவு செய்வதில்லை என்பதை வாடிக்கையாளருக்கு முதலில் காட்டிவிடுவேன். விதிநூலிடம் நாம் கேட்க வேண்டியது வேறு: நாசிலைச் சுற்றி எவ்வளவு வலுவூட்டுவது, காற்றுக்கும் நில அதிர்வுக்கும் எப்படி நிறுத்துவது, வெல்டிங்கை எந்த அளவுக்குச் சோதிப்பது, வென்ட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

இதே அளவு டேங்கில் கரைப்பான் வைத்து மேலே நைட்ரஜன் போர்த்தச் சொன்னால் கதை மாறிவிடும். அழுத்தம் 50 மில்லிபார்தான், அது என்ன பெரிய அழுத்தம் என்று தோன்றும். கூரையின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். அதை 50 மில்லிபார் மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 3.6 டன். சுவரும் கூரையும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் பிளேட்டில் இரண்டு டன்கூடத் தேறாது. உள்ளே இருக்கும் திரவம் அடித்தகட்டை அழுத்துமே தவிர சுவரைப் பெரிதாகப் பிடித்து வைக்காது. ஆங்கர் போல்ட் இல்லாவிட்டால் சுவரோரம் தரையிலிருந்து எழும்பி, அடியும் சுவரும் சேரும் வெல்டிங்கில் பிளவு விழும். ஏ.பி.ஐ. 650-ன் 'எஃப்' பின்னிணைப்பு இதற்குத்தான். அதுவும் 2.5 பி.எஸ்.ஐ. வரைதான் கைகொடுக்கும். அதற்கு மேல் 15 வரை ஏ.பி.ஐ. 620. அந்த இடைவெளியில் சின்ன டேங்க் என்றால் டிஷ் எண்ட் போட்டு செக்‌ஷன் 8 முறையிலேயே செய்துவிடச் சொல்வேன். பட்டறைக்குக் கை பழகிய வேலை அது.

உள் அழுத்தத்தைவிட எனக்குப் பயம் வெற்றிடத்தின் மேல்தான். சாதாரண ஏ.பி.ஐ. 650 டேங்க் தாங்குவதாகக் கொள்ளும் வெற்றிடம் 25 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுதான். ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் தூசு போகாமலிருக்க வென்ட்டில் பாலிதீன் தாளைக் கட்டியிருந்தார்கள். ஹைட்ரோ டெஸ்ட் முடிந்து அடி வால்வைத் திறந்தார்கள். தாள் உள்ளே இழுத்துக்கொண்டு வாயை அடைத்தது. கண்ணெதிரே சுவர் குழிந்தது. நீராவியால் கழுவி, மேன்ஹோலை மூடி, பிறகு மழை பெய்தாலும் இதே கதிதான். அதனால் வடிவமைக்கும்போதே எப்படிக் கழுவுவீர்கள், எந்த பம்ப் எவ்வளவு வேகத்தில் இழுக்கும் என்று கேட்டுவிடுவேன்.

காலில் நிற்கிற கூம்படி டேங்குக்கு ஏ.பி.ஐ. 650 என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள். அடி முழுவதும் சீராகத் தரையில் படிந்திருப்பதே அந்த நூலின் அடிப்படை. கால், சாடில், லக் என்று வந்தால் செக்‌ஷன் 8 முறைப்படி கணக்கிட்டு, ஸ்டாம்ப் தேவையில்லை என்று வரைபடத்தில் எழுதலாம். படுக்கை டேங்கின் சாடிலுக்கு 1951-ல் வெளிவந்த ஜிக்கின் முறைதான் இன்றும் நடைமுறை. டேங்கின் மேல் லிம்பெட் காயில் சுற்றி 3 பார் நீராவி விட்டாலும் அந்த இடத்துக்கு பிரஷர் வெசல் கணக்குதான். உள்ளே லை இருந்தால் இன்னொரு விஷயம்: சூட்டில் வெல்டிங் ஓரம் விரிசல் விடும், ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்தாக வேண்டும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு வெறும் ஸ்டீல் டேங்கே கூடாது. ரப்பர் லைனிங் அல்லது எஃப்.ஆர்.பி. வேண்டும். எஃப்.ஆர்.பி. என்றால் ஏ.எஸ்.எம்.இ. ஆர்.டி.பி.-1, அல்லது பழைய பி.எஸ். 4994-க்குப் பதிலாக வந்த இ.என். 13121.

சட்டம் தனி. பெட்ரோலிய விதிகளில் 23 டிகிரிக்குக் கீழே தீப்பற்றுநிலை உள்ளவை 'ஏ' வகுப்பு. தொலுயீன் அதில் வரும். உரிமம் தேவைப்படும் அளவுக்கு இருப்பு வைப்பதானால் டேங்கின் வரைபடத்தை பெட்ரோலியப் பாதுகாப்பு அமைப்பான பெசோவும் பார்க்கும்; பிளேட் வாங்கும் முன்பே அது தயாராக இருக்கட்டும்.

இரண்டு நூல்களை மட்டும் கலக்காதீர்கள். அனுமதிக்கும் தகைவு ஒன்றிலிருந்து, இணைப்புத் திறன் இன்னொன்றிலிருந்து என்று வசதிக்கு எடுத்த கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். தகைவு கூடுதலாக அனுமதிக்கும் நூல் அதற்கு ஈடாகச் சோதனையையும் கூடுதலாகக் கேட்கும். ஒன்றை எடுத்து மற்றதை விட்டால் யாருமே பொறுப்பேற்காத டேங்க் வந்து சேரும்.

நேம்பிளேட்டில் விதிநூலின் பெயர், பதிப்பு ஆண்டு, அழுத்தம், வெற்றிடம், வெப்பநிலை ஆகியவற்றோடு திரவத்தின் ஒப்படர்த்தியையும் பொறித்துவிடச் சொல்லுங்கள். தண்ணீருக்கென்று செய்த டேங்கில் சில வருடம் கழித்து 1.84 ஒப்படர்த்தி உள்ள கந்தக அமிலத்தை நிரப்ப யாராவது நினைக்கும்போது, பழைய வரைபடம் கையில் கிடைக்காது. பிளேட் அங்கேயே இருக்கும்.