தொற்றுக் காலத்துக்கு ஒரு வீட்டை ஆயத்தம் செய்தல்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றிடமும் ஒரு பை உண்டு. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ், ஒரு மாற்றுடுப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். நடுச்சாமத்தில் எழுப்பினாலும் இருட்டிலே தடவி அந்தப் பையை எடுக்க எமது தாய்மாருக்குத் தெரியும். ஓடுவதற்கு ஆயத்தமாயிருப்பதை எவரும் எமக்குக் கற்பித்துத் தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கொள்ளை நோய் வரும்போது தேவைப்படுவது இதற்கு நேர் எதிரான ஆயத்தம். அப்போது ஓடவும் முடியாது, ஓடவும் கூடாது. இருக்கின்ற கொட்டிலுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம், கடைக்குப் போகாமல், கூலி வேலைக்குப் போகாமல், நோயாளி ஒருவரையும் பராமரித்துக்கொண்டு இருக்க வேண்டி வரும். அதற்கு ஒரு வீட்டை எப்படி ஆயத்தம் செய்யலாம் என்பதே இந்தப் பாடத்தின் பொருள்.

இப்படியொரு நோய் மீண்டும் வருமா என்று சிலர் கேட்கக்கூடும். எப்போது வரும் என்று எவராலும் கூற முடியாது; ஆனால் வந்த வரலாறு உண்டு. 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. குடிசனமதிப்புக் கணக்குகளைக் கொண்டு பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அக்காய்ச்சலால் இத்தீவின் சனத்தொகையில் ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 307,000 என மதிப்பிட்டுள்ளனர். அதாவது நூற்றுக்கு 6.7 பேர். பிறவாமற் போன பிள்ளைகளும் இக்கணக்கில் அடங்குவர். வடபகுதியில் அது உச்சத்தை அடைந்தது 1918 ஒக்டோபர் முற்பகுதியில். மாரி மழைக்கு முன்னர் நிலத்தைப் பண்படுத்தி விதைக்கின்ற காலம் அது என்பதை விவசாயிகளாகிய எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அதன் பின்னர் 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளிலும் புதுவகை இன்புளுவென்சா உலகைச் சுற்றியது. 2020இல் வந்த கொவிட் இந்நாட்டில் 16,000இற்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. தோட்டத்தில் கத்தரியும் வெண்டியும் முற்றிப் போயின. பட்டணத்தில் மரக்கறி கிடைக்கவில்லை. அன்றாடம் உழைத்து அன்றாடம் அரிசி வாங்கியவர்களே முதலாம் வாரத்தில் பட்டினியைக் கண்டவர்கள். சொந்தக் காணி இல்லாமல் உறவினர் வளவில் கொட்டில் போட்டிருந்த குடும்பங்களின் பெயர்கள் நிவாரணப் பட்டியலில் எந்தக் கிராம அலுவலர் பிரிவுக்குள் அடங்கும் என்பதே ஒரு வழக்காகியது. எனவே உங்கள் குடும்பப் பதிவு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை நோய் எதுவும் இல்லாத இந்நாட்களிலேயே கிராம அலுவலரிடம் கேட்டுச் சரிசெய்து கொள்ளுங்கள். ஊரடங்கு வந்த பிறகு செய்யக்கூடிய காரியமல்ல அது.

அரிசியும் விதையும்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி வேண்டுமென வைத்துக்கொண்டால் 14 நாட்களுக்கு 21 கிலோ தேவை. ஒரே நேரத்தில் இதை வாங்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். எமது பாட்டிமார் செய்த பிடியரிசிச் சேமிப்பையே இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. காலையும் மாலையும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போட்டுவிடுங்கள். ஒரு பிடி 50 கிராம் என்றால் நாளுக்கு 100 கிராம். 210 நாளில், அதாவது ஏழு மாதத்தில், 21 கிலோ சேர்ந்துவிடும். பானை நிரம்பியதும் பழைய அரிசியைச் சமைத்து அதே அளவு புது அரிசியை இட வேண்டும். இல்லையேல் வண்டுக்குத்தான் சேமித்ததாக முடியும். நெல்லாக வைத்தால் அதிக காலம் கிடக்கும். ஆயினும் ஆலை பூட்டியிருந்தால் குற்றுவதற்கு உரலும் உலக்கையும் வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சற்றுச் சற்று இருப்பது நல்லது.

பருப்பு அல்லது பயறு 3 கிலோ, உப்பு, சீனி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், செத்தல் மிளகாய், சவர்க்காரம், தீப்பெட்டி. கடையில் வாங்குவதற்கு இவை போதும். மிகுதியை எமது ஊரே தரும். ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, பினாட்டு, கருவாடு, மோர்மிளகாய், கத்தரி வற்றல் என்பவை வறியவரின் உணவென இளையவர்கள் ஒதுக்கிவைத்தாலும், ஊரடங்கு நாட்களில் கறி இல்லாத வீட்டைக் காத்தவை இவைதாம். குரக்கனை நன்றாகக் காயவைத்தால் நெடுங்காலம் கெடாது. காணி இல்லாதவர்களும் வேலியோரத்தில் பத்து மரவள்ளித் தடி ஊன்றலாம். கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்துத் தேவைப்படும்போது கிளறி எடுக்கலாம். முருங்கையும் பப்பாசியும் ஒவ்வொன்று போதும். காய்ந்த விறகை மழை படாத இடத்தில் இரண்டு வாரத்துக்கு அடுக்கி வையுங்கள். இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

விதை நெல்லையும் விதைப் பயறையும் உணவுப் பானையிலிருந்து வேறாக, வேறு நிறக் கயிற்றால் கட்டி உயரத்தில் வையுங்கள். நோய் ஓய்ந்தபின் வரும் முதல் மழைக்கு விதைக்க எதுவும் இல்லாத குடும்பம் அடுத்த ஒரு வருடத்துக்குக் கடனாளியாக இருக்கும். எத்தனையோ இடப்பெயர்வுகளில் இதை நாம் கண்டிருக்கிறோம்.

காற்றும் கையும்

இவ்வகை வைரஸ்கள் பெரும்பாலும் மூச்சு வழியாகவே பரவுகின்றன. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமன்றி, பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்ணிய துளிகள் காற்றோட்டமில்லாத இடத்தில் நெடுநேரம் மிதந்து நிற்கும். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாட்கள் முன்னரே ஒருவர் மற்றவருக்கு நோயைக் கொடுக்கக்கூடும். 2020 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் முதன்முதலில் நோய் கண்டவர்கள் ஒரு வழிபாட்டுக் கூட்டத்துடன் தொடர்புபட்டவர்களாக இருந்தமைக்குக் காரணமும் இதுவே. பூட்டிய மண்டபத்தில் நெருங்கியிருந்து பாடும் எந்தக் கூட்டத்துக்கும் இது பொருந்தும், எமது ஆலயங்களுக்கும்தான்.

கிடுகுக் கொட்டிலில் வாழ்பவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. காற்று உள்ளே வந்து போகும். தகரத்தாலும் தறப்பாளாலும் சுற்றி அடைத்த கொட்டில்களே ஆபத்தானவை. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தட்டிகளைத் தூக்கிக் கட்டக்கூடியவாறு இப்போதே மாற்றியமையுங்கள். ஆறு பேர் ஒரே பாய் வரிசையில் உறங்கும் வீட்டில், ஒருவர் தலைவைத்த பக்கத்தில் அடுத்தவர் கால்வைத்துப் படுத்தால், இடம் கூட்டாமலே முகத்துக்கும் முகத்துக்கும் இடைவெளி கிடைக்கும்.

கை கழுவுவதற்கு ஓடும் நீர் வேண்டுமென்பதில்லை. ஐந்து லீற்றர்ப் பிளாஸ்டிக் கான் ஒன்றின் பக்கத்தில், மேற்பகுதியை அண்டி, சூடேற்றிய ஆணியால் ஒரு துளையிட்டு, அதை இரண்டு கவர்த்தடிகளுக்கு நடுவே தடியொன்றில் தொங்கவிடுங்கள். கானின் கழுத்தில் கட்டிய கயிற்றின் மறுமுனையை நிலத்தில் கிடக்கும் மிதிதடியில் கட்டினால், காலால் மிதிக்கும்போது கான் சரிந்து நீர் ஒழுகும். எவரும் கையால் தொட வேண்டியதில்லை. சவர்க்காரத்தை ஒரு துணிப்பையில் போட்டு அருகில் தொங்கவிடலாம். சவர்க்காரம் தீர்ந்தால் அடுப்புச் சாம்பல் ஓரளவு உதவும். இருபது வரை ஆறுதலாக எண்ணும் நேரத்துக்குக் கையைத் தேய்த்துக் கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள். வயிற்றோட்டமும் இதனால் குறையும்.

ஒரே அறையில் ஒரு நோயாளி

எமது குடும்பங்களுக்கு மிகவும் கடினமான பகுதி இது. நோயாளிக்குத் தனியறை கொடுங்கள் என்று சுவரொட்டிகள் சொல்கின்றன. ஓரறைக் கொட்டிலில் இருப்பவர் என்ன செய்வது? சேலையைக் குறுக்கே கட்டினால் பார்வை மறையுமே தவிர காற்று மறையாது. மழையில்லாத காலமாயின் நோயாளியின் படுக்கையைத் தாழ்வாரத்திலோ மரநிழலிலோ நுளம்பு வலையுடன் போடுவது உள்ளே அடைத்து வைப்பதிலும் மேலானது. மழைக்காலமாயின் நோயாளியைக் காற்று வெளியேறும் பக்கத்தில் படுக்க வைத்து, முதியவர்களையும் கைக்குழந்தையையும் இயன்றால் அயல்வீட்டுக்கு மாற்றுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே நோய் தொற்றியிருக்கவும் கூடும் என்பதால் அங்கும் சில நாட்கள் சற்று விலகியே இருக்க வேண்டும்.

பராமரிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். பாட்டி வேண்டாம், கர்ப்பிணி வேண்டாம். நோயாளியும் பராமரிப்பவரும் வாயையும் மூக்கையும் மூட வேண்டும். பழைய பருத்தித் துணியை மூன்று மடிப்பாகத் தைத்து, நாளாந்தம் சவர்க்காரமிட்டுத் துவைத்து வெயிலில் காயவிட்டால் அதுவும் ஒரு பாதுகாப்பே. பாத்திரங்களைப் புதைக்கவோ உடுப்பை எரிக்கவோ தேவையில்லை. சவர்க்காரமும் வெயிலும் போதும். கழிப்பறையையும் கதவுக் கொழுக்கியையும் துடைப்பதற்குக் கடையில் விற்கும் 5 வீத வெளிற்றும் திரவத்தில் ஒரு மேசைக்கரண்டியை 750 மில்லிலீற்றர் நீரில் கலந்து பாவிக்கலாம். அதை அன்றன்று கலக்க வேண்டும். வேறெந்தக் கழுவு திரவத்துடனும் சேர்க்கக் கூடாது. மனிதர் மேல் ஒருபோதும் தெளிக்கக் கூடாது.

கொப்பளிப்பான் கண்ட வீட்டின் படலையில் வேப்பிலை கட்டுவது எமது ஊர்களின் பழைய வழக்கம். அதைக் கண்டவர்கள் உள்ளே போகமாட்டார்கள். ஆனால் கிணற்றடியில் நின்று சுகம் கேட்பார்கள், இளநீரைப் படலையில் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மாள் வந்த வீடு என்று மரியாதை கொடுத்தார்களேயன்றி, குற்றவாளி வீடு என்று எவரும் சொல்லவில்லை. கொவிட் காலத்தில் இந்தப் பண்பு பல இடங்களில் காணாமற் போனது. வாசலில் அறிவித்தல் ஒட்டப்பட்ட வீட்டாருக்குக் கிணற்றை மறித்தார்கள். முகாமிலிருந்து வந்தவர் என்றாலே நோய் கொண்டு வந்தவர் என்றார்கள். இதனால் காய்ச்சலை மறைத்தவர்கள் பலர். மறைத்த வீடுகளில்தான் முதியவர்கள் பிந்தி வைத்தியசாலைக்குப் போனார்கள்.

காய்ச்சலும் மருந்தும்

எமது நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்காக இருக்கக்கூடும். ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறெதையும் தாமாக எடுக்கக் கூடாது. அஸ்பிரின், இபுபுரொபன், டைக்குளோபெனாக் ஆகியவை டெங்கில் இரத்தக் கசிவை மோசமாக்கும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு. இடையில் ஆறு மணித்தியாலமாவது விட வேண்டும். 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற்படக் கூடாது. ஈரல் நோயுள்ளவரும் மெலிந்தவரும் அதிலும் குறைவாக, வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பொறுத்தது. குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை அவசியம். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் வைரஸைக் கொல்வதில்லை. பழைய குளிசை மிச்சம் கிடக்கிறது என்று விழுங்க வேண்டாம்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பைக்கற்றுகள் நான்கைந்து இருக்கட்டும். ஒரு பைக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு மேல் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

நீரிழிவு, பிரசர், தொய்வு உள்ளவர்களுக்குக் கிளினிக் மருந்து இரண்டு வாரத்துக்காவது முன்னதாகக் கையில் இருப்பது அரிசியிலும் முக்கியம். மருந்து முடிந்த பிறகு போகும் பழக்கத்தை விட்டு, முடிய முன்னரே போங்கள். கிளினிக் கொப்பியும் தடுப்பூசி அட்டைகளும் அந்தப் பழைய பைக்குள்ளேயே இருக்கட்டும். சின்னமுத்து ஒழிந்துவிட்டதென 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. 2023இல் அது மீண்டும் வந்தது. நெருக்கமாக வாழும் இடங்களில் தடுப்பூசி தவறிய பிள்ளைகளையே அது முதலில் தேடிப் பிடிக்கும்.

மூச்சு வாங்கிப் பேச முடியாமை, நெஞ்சு நோ, உதடு நீலமாதல், மயக்கம் அல்லது புத்தி தடுமாறல், எதையும் குடிக்க முடியாமை என்பவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பிள்ளை அமைதியாயிருக்கும்போது நெஞ்சு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலே ஆபத்து. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். இடம்பெயர்ந்தவர்களின் கொட்டில்களுக்கு வீட்டிலக்கம் இராது. ஆகவே வண்டிக்கு அடையாளம் சொல்லத்தக்க கோவில், பாடசாலை அல்லது சந்தியின் பெயரைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி மருந்து கொவிட்டைத் தடுக்குமெனக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஊர் ஊராகப் போய்த் திரண்டனர். மருந்து எதையும் தடுக்கவில்லை. அந்தக் கூட்ட நெரிசலில் நோய்க்குத்தான் வழி திறந்தது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதமானது. அதை நாமும் குடிக்கிறோம். அதற்காக எவரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

கோழிக்கூடு

கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவைக் காய்ச்சல் வைரஸ் எப்போதாவது மனிதருக்கும் தாவுகிறது. கூட்டில் பல கோழிகள் திடீரெனச் செத்தால், நட்டம் வருகிறதே என்று உரித்துக் கறியாக்க வேண்டாம், அயலுக்கு விற்கவும் வேண்டாம். கையைப் பொலித்தீன் பையால் மூடி எடுத்து, கிணற்றுக்குத் தூரத்தில் ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்து, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். கூட்டைப் படுக்கையறையோடு ஒட்டிக் கட்டியிருந்தால் அடுத்த முறை கிடுகு மாற்றும்போது சற்றுத் தள்ளிக் கட்டலாம்.

இனி, இரண்டிரண்டு குடும்பமாகச் சோடி சேர்ந்து கொள்ளும்படி கேட்கிறோம். ஒரு வீடு படுத்தால் மற்ற வீடு நீர் அள்ளி வைக்க, மாட்டை அவிழ்த்துக் கட்ட, பயிருக்கு முறைத் தண்ணீர் விட, மருந்து வாங்கி வர வேண்டும். இதை வாயால் பேசி விட்டுவிடாமல், அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எது வீடு துணை, நீரிறைக்கும் இயந்திரம் யாரிடம், ஒரு காய்ச்சல்மானியை எத்தனை வீடுகள் சேர்ந்து வாங்கலாம், தனியே இருக்கும் முதியவருக்கு யார் கஞ்சி கொடுப்பது என்று கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். துணையில்லாத வீடு எதுவும் இருந்தால் அந்தப் பெயர் வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.