விசா முடியும் முன் ஒரு தொழில்

கடலூர், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் வளைகுடாச் சம்பளத்தை நம்பி அடுப்பெரியும் வீடுகள் ஏராளம். 2016-இல் சவூதி அரசு, மொபைல் கடைகளில் விற்பனையும் பழுதுபார்ப்பும் தன் நாட்டவருக்கு மட்டுமே என்று ஆக்கியது. பல வருடம் கைதேர்ந்த வெளிநாட்டவருக்கும் அந்தக் கடைகளில் இடமில்லை.

யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என இரண்டு தகுதிகளைச் சொன்னார்கள் (12:55). நம்மில் பலர் முதல் தகுதியோடு நின்றுவிடுகிறோம். “நம்பிக்கையான ஆள்” என்று கஃபீல் புகழ்வார்; சட்டம் மாறினால் அவராலும் வைத்துக்கொள்ள முடியாது.

வஹீயை எழுதிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை, யூதர்களின் எழுத்தையும் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் கற்றுவிட்டதாகத் திர்மிதீயில் வருகிறது. நாமோ குர்ஆன் ஓதத் தெரிந்திருந்தும், பத்து வருடம் அரபு நாட்டில் இருந்தும், அரபியில் ஒரு பில் எழுதத் தெரியாமல் திரும்புகிறோம்!

ஊருக்கு விடுமுறையில் வந்திருக்கும் சகோதரர்களே! கல்யாண விருந்துகளுக்கு நடுவே சில நாட்களை ஒதுக்குங்கள். ஏ.சி. மெக்கானிக், வெல்டிங் வேலையை அனுபவத்தில் கற்றவர்கள் அதற்கொரு சான்றிதழ் வாங்கப் பாருங்கள். பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குச் சிதம்பரத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி இருக்கிறது. திரும்பிப் போவதற்குள் ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.