மௌனம் மருந்தாகாது

மதுவோ பிற போதைப்பொருளோ ஒருவரைப் பற்றிக்கொண்டால், குடும்பம் முழுவதும் துன்புறுகிறது. ‘ஊரார் என்ன சொல்வார்களோ’ என்னும் அச்சத்தால் வீட்டார் அதனை மறைக்கின்றனர். மறைக்க மறைக்கச் சிகிச்சை தள்ளிப்போகிறது, நோய் முற்றுகிறது.

சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன், மதுப்பழக்கத்தால் தம் கணவரை இழந்தவர். அத்துயரை அவர் மூடி மறைக்கவில்லை. 1980ஆம் ஆண்டு, கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அங்கு நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

போதைக்கு அடிமையாதல் குணக்கேடு அன்று; சிகிச்சைக்குரிய நோய். எனவே வசைச்சொற்கள் அதனைத் தீர்ப்பதில்லை. போதை தெளிந்த வேளையில், “அப்பா, நீங்கள் வராத இரவுகளில் நாங்கள் உறங்குவதில்லை, மருத்துவரிடம் சேர்ந்தே போவோம்” என்று கூறுவது மனத்தைத் தொடும். பெற்றோரின் பழக்கத்திற்குப் பிள்ளைகள் காரணமல்லர். அவர்கள் நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ உறவினரிடமோ மனம்விட்டுப் பேசலாம். 14446 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணும் வழிகாட்டும்.

சிந்தனை வினா: குடும்பத்தாரின் மௌனம் நோயை எவ்வாறு வளர்க்கிறது?