மான்செஸ்டர்: ஆலை வழியாக மைதானத்துக்கு ஓர் இரண்டு நாள் பயணம்

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அந்தப் பெயருக்குரிய இங்கிலாந்து நகரத்தில் பஞ்சாலை, நூலகம், கால்பந்து எல்லாம் ஒரே கதைதான். கீழே உள்ள வரிசையில் சுற்றினால் அது விளங்கும்.

1. கிளம்பும் முன்

முதலில் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். ஆட்ட நாளில் கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் பார்க்க முடியாது. நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். கோடையிலும் மழை வரும். மழைக்கோட்டும் நடப்பதற்கேற்ற காலணியும் அவசியம்.

2. முதல் நாள் காலை: காசில்ஃபீல்டு

நிலக்கரி கொண்டுவர வெட்டிய பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரையோரம் நடந்துவிட்டு, அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அனுமதி இலவசம். 1830-ல் தொடங்கிய லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதையின் பழைய நிலையம் இதன் வளாகத்தில்தான் இருக்கிறது. நெசவு இயந்திரங்களை எப்போது ஓட்டிக் காட்டுவார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அன்று நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடிய கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆலைப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள்.

3. பிற்பகல்: இரண்டு நூலகங்கள்

டீன்ஸ்கேட் தெருவில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம். ஜவுளியில் பெரும் செல்வம் சேர்த்தவரின் நினைவாக அவர் மனைவி என்ரிகேட்டா கட்டி, 1900-ல் திறந்தது. அங்கிருந்து நடந்தே செட்டம்ஸ் நூலகத்துக்குப் போகலாம். 1653-ல் தோன்றியது. 1845-ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் படித்த ஜன்னலோர மேசை இன்றும் அங்கே இருக்கிறது. வழிகாட்டியோடுதான் உள்ளே அனுப்புவார்கள் என்பதால், நேரத்தை முன்பே உறுதிசெய்யுங்கள்.

4. மாலை: பீட்டர்லூ

1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்தது. அந்தப் படுகொலையைத்தான் பீட்டர்லூ என்கிறார்கள். அதில் இறந்தவர்களுக்கான நினைவிடத்துக்கு அருகில்தான் பிரிட்ஜ்வாட்டர் ஹால். 1858-ல் தொடங்கிய ஹாலே இசைக்குழுவின் நிகழ்ச்சி இருந்தால் தவறவிடாதீர்கள்.

5. இரண்டாம் நாள்: ஓல்டு டிராஃபோர்டு

டிராமில் போங்கள். ஏறும் நிறுத்தத்திலும் இறங்கும் நிறுத்தத்திலும் வங்கி அட்டையை இயந்திரத்தில் தொட மறக்காதீர்கள். ஓல்டு டிராஃபோர்டு நிறுத்தத்தில் இறங்கினால் முதலில் வருவது கிரிக்கெட் மைதானம். 1990-ல், 17 வயதில், சச்சின் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தது இங்கேதான். சற்று நடந்தால் கால்பந்து மைதானம். மான்செஸ்டர் யுனைடெட், 1878-ல் ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கிய அணி. வெளிச்சுவரில் உள்ள கடிகாரத்தின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். அதில் 1958 பிப்ரவரி 6 என்ற தேதியும் மூனிக் என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். அன்றைய விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள்; அவர்களில் 8 பேர் இந்த அணியின் வீரர்கள்.

6. இரவுச் சாப்பாடு

ரஷோமில் உள்ள 'கறி மைல்' தெருவுக்குப் பேருந்தில் போகலாம். தெற்காசிய, அரபு உணவகங்கள் வரிசையாக இருக்கும்.

நேரம் குறைவாக இருந்தால் கடைத்தெருவை விட்டுவிடுங்கள், தறிகளை விடாதீர்கள். இந்த ஊரின் நூலகமும் அணியும் ஆலைப் பணத்திலும் தொழிலாளர் உழைப்பிலும் எழுந்தவை.